கிளீனா, எக்ஸ்ப்ளிசிட்டா: டிஜே கையில் எந்த வெர்ஷன் இருக்க வேண்டும்?

ஒரே பாட்டுக்கு இரண்டு வெர்ஷன். ஒன்றில் கெட்ட வார்த்தைகள் அப்படியே இருக்கும், அது எக்ஸ்ப்ளிசிட். இன்னொன்றில் அவற்றை எடுத்திருப்பார்கள், அது கிளீன். புதிதாக டிஜே வேலைக்கு வருகிறவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி, இரண்டில் எதை வாங்குவது என்பதுதான். "இரண்டையும் வைத்துக்கொள்" என்று பதில் வரும். அது பாதி பதில். அடுத்த பாட்டுக்கு முப்பது விநாடிதான் இருக்கிறது, தேடிய இடத்தில் ஒரே பெயரில் இரண்டு வரி வந்து நிற்கிறது. கை எதன் மேல் போக வேண்டும்? அதை அந்த நேரத்தில் நின்று யோசிக்க முடியாது, முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

என் முடிவு இது. அந்த இசைக்காக வராத ஒருவராவது அந்த இடத்தில் இருந்தால் கிளீன். வந்திருக்கும் எல்லோரும் அது எப்படிப்பட்ட இசை என்று தெரிந்தே வந்திருந்தால் எக்ஸ்ப்ளிசிட். பலர் வயதை வைத்து முடிவெடுக்கிறார்கள், பெரியவர்கள் மட்டும் இருந்தால் எது வேண்டுமானாலும் போடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் ஆபீஸ் பார்ட்டியில் குழந்தைகளே இருக்க மாட்டார்கள். ஆனால் வந்தவர்கள் வேலைக்காக வந்தவர்கள். பக்கத்தில் மேலதிகாரி நிற்கும்போது பச்சை பச்சையான வரிகள் ஓடினால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்கள், எழுந்து போகவும் முடியாது. ஹிப்ஹாப் நைட்டுக்கு டிக்கெட் எடுத்து வந்தவருக்கு அந்தச் சங்கடம் கிடையாது. பிடிக்காவிட்டால் போய்விடலாம், ஆனால் பிடித்துத்தான் வந்திருக்கிறார்.

இந்த இரண்டு வெர்ஷன் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், கிளீன் வெர்ஷன்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். அமெரிக்காவில் 1978-இல் உச்ச நீதிமன்றம், ரேடியோவில் கொச்சையான பேச்சைக் கட்டுப்படுத்த ஒலிபரப்பு ஆணையமான எஃப்சிசிக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்தது. இப்போதைய விதிப்படி காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அங்கே அப்படிப்பட்டதை ஒலிபரப்பக் கூடாது. 1985-இல் பாட்டு வரிகளுக்கு எதிராகப் பெற்றோர் அமைப்பு ஒன்று கிளம்ப, விவகாரம் செனட் விசாரணை வரை போனது. அதே ஆண்டு இசைக் கம்பெனிகளின் சங்கம் எச்சரிக்கை ஒட்ட ஒப்புக்கொண்டது. ஆல்பம் அட்டைகளில் நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளை 'பேரன்டல் அட்வைசரி' முத்திரை 1990-இல் வந்தது. ஆக, கிளீன் எடிட் பெரும்பாலும் ரேடியோவை மனதில் வைத்துச் செய்யப்படுவது. குறிப்பிட்ட சில வார்த்தைகள் காதில் விழக்கூடாது, ரேடியோவுக்கு அவ்வளவு போதும். டான்ஸ் ஃப்ளோரில் அது எப்படிக் கேட்கும், பாட்டின் பொருள் என்ன என்பதெல்லாம் அதற்கு அப்பாற்பட்டவை.

இதனால்தான் 'ரேடியோ எடிட்' என்றால் 'கிளீன்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டான்ஸ் மியூசிக்கில் ரேடியோ எடிட் என்றால் பாட்டைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். நீளமான டிரம் இன்ட்ரோவை வெட்டி நேராகக் குரலுக்கு வந்துவிடுவார்கள். அதில் கெட்ட வார்த்தை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஹிப்ஹாப்பில் ரேடியோ எடிட் பெரும்பாலும் கிளீனாகவும் இருக்கும், சில நேரம் கூடவே ஒரு வெர்ஸும் (சரணமும்) காணாமல் போயிருக்கும். அதேபோல, ஸ்ட்ரீமிங் தளத்தில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் எக்ஸ்ப்ளிசிட்டைக் காட்டும் 'ஈ' குறி இல்லை என்பதற்காக நம்பிவிடக் கூடாது. அந்தக் குறியை வைக்கச் சொல்வது பாட்டை வெளியிடுகிறவர்கள். அவர்கள் சொல்ல மறந்தால் குறி இருக்காது.

கிளீன் என்று பெயர் ஒன்றுதான், செய்திருக்கும் விதம் பல. டிஜேவுக்கு உண்மையான ஒப்பீடு இங்கேதான் இருக்கிறது.

96 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 96 பீட் வேகத்தில் ஓடும் ஒரு ராப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பீட் 0.625 விநாடி. ஒரு வார்த்தையை மறைக்க அரை பீட் போதும், அதாவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குரலை மட்டும் அந்த அரை பீட்டுக்கு அணைத்துவிட்டு, கீழே டிரம்மும் பேஸும் ஓடிக்கொண்டே இருந்தால் ஆடுகிறவர்களுக்குக் கால் தடுமாறாது. பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால் சில எடிட்களில், பழையவற்றில் குறிப்பாக, மொத்தப் பாட்டையும் சேர்த்து அணைத்திருப்பார்கள். கிக் டிரம்மின் அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் விழாது. காரில் ரேடியோ கேட்கும்போது அது பெரிதாகத் தெரியாது. பெரிய ஸ்பீக்கரில் சப்வூஃபர் திடீரென்று நின்றுபோனால் ஆடுகிறவர்கள் திடுக்கிட்டு, வயர் கழன்றுவிட்டதோ என்று மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே வெர்ஸில் அது நான்கைந்து தடவை நடந்தால் அந்தப் பாட்டின் கதை முடிந்தது.

வார்த்தையைத் தலைகீழாக ஓடவிட்டு மறைப்பது இன்னொரு வகை. குரலின் ஓசை தொடர்வதால் வெற்றிடம் தெரியாது, ஆனால் ஒரு வரியில் இரண்டு மூன்று வந்தால் என்ன பாடுகிறார் என்றே புரியாது. ஸ்க்ராட்ச் சத்தமோ துப்பாக்கிச் சத்தமோ வைத்து மறைப்பதும் உண்டு. துப்பாக்கிச் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கெட்ட வார்த்தை இருந்திருந்தால்கூட அவ்வளவு முரட்டுத்தனமாக இருந்திருக்காது.

இவற்றில் தலைசிறந்தது, பாடகரே ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேறு வார்த்தை போட்டுப் பாடிக் கொடுப்பது. சீலோ கிரீன் 2010-இல் தன் பாட்டின் தலைப்பில் இருந்த கெட்ட வார்த்தையை 'ஃபர்கெட்' என்று மாற்றிப் பாடினார். பிளாக் ஐட் பீஸ் குழு, மனவளர்ச்சி குன்றியவர்களைப் புண்படுத்தும் சொல் இருந்த ஒரு பாட்டை 2004-இல் 'லெட்ஸ் கெட் இட் ஸ்டார்டட்' என்று மாற்றி வெளியிட்டது. அந்த வெர்ஷனைக் கேட்கும்போது எங்கேயும் ஓட்டை தெரியாது, முழுப் பாட்டாகவே இருக்கும். இப்படிப்பட்ட கிளீன் வெர்ஷன் இருந்தால் எந்த யோசனையும் வேண்டாம், எல்லா இடத்துக்கும் அதையே எடுத்துவிடலாம். கிளீன் என்றாலே தரம் குறைந்த பிரதி என்று நினைக்கிறவர்கள் முதலில் இந்த வகையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ப்ளிசிட் பக்கத்து நியாயமும் சின்னதில்லை. ராப்பில் கெட்ட வார்த்தை சும்மா வந்து உட்கார்ந்திருப்பதில்லை. பல நேரம் எதுகை விழுவதே அதன் மேல்தான். வரியின் கடைசிச் சொல்லை அணைத்துவிட்டால், அதற்கு முந்தைய வரி எதற்காகக் காத்திருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். வரிக்கு வரி அணைக்கப்பட்ட ஒரு வெர்ஸ் பல் விழுந்த வாய் போல இருக்கும். அந்தக் கலைஞரின் ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு முன்வரிசையில் நிற்கிறவருக்கு அதைப் போடுவது அவரை மதிக்காத செயல். கிளப்பில், ஹிப்ஹாப் நைட்டில், கலைஞரின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்த நிகழ்ச்சியில் எக்ஸ்ப்ளிசிட்தான் சரி.

அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டம் பாடட்டும் என்று ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வரும்போது வால்யூமைக் கீழே இறக்குவது எல்லா டிஜேக்களுக்கும் பிடித்த வித்தை. ஹிப்ஹாப் பாட்டுகளில் கறுப்பின மக்களைக் குறிக்கும் அந்த இழிசொல் வரும் வரியில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். பாடியவர் தன் சமூகத்துக்குள் இருந்து பாடினார். நீங்கள் சத்தத்தைக் குறைக்கும்போது அந்தச் சொல்லைக் கூட்டத்தின் வாயில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அந்த வரி வரும்போது ஃபேடர் (வால்யூம் தள்ளும் பட்டை) மேலேயே இருக்கட்டும், அல்லது அதற்குள் அடுத்த பாட்டுக்கு மாறிவிடுங்கள்.

கிளீன் வெர்ஷன் போட்டும் பயனில்லாத ஓர் இடம் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ஹூக்கிலேயே கெட்ட வார்த்தை. நீங்கள் கிளீன் போடுகிறீர்கள், அந்த அரை பீட் வெற்றிடம் வருகிறது, கூட்டம் மொத்தமாக அந்த வார்த்தையைக் கத்தி நிரப்புகிறது. பாட்டில் இருந்திருந்தால் இசையோடு கலந்து போயிருக்கும், இப்போது அது மட்டும் தனியாக, உரக்கக் கேட்கிறது. கிளப்பில் இது கொண்டாட்டம். பள்ளி விழாவில் நானூறு பிள்ளைகள் அதைச் செய்தால், "நான் கிளீன் வெர்ஷன்தான் போட்டேன்" என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அந்தப் பாட்டையே போடாமல் விடுவதுதான் வழி.

பொருள் விஷயமும் இதோடு சேர்ந்தது. கிளீன் எடிட் வார்த்தையை எடுக்கும், விஷயத்தை எடுக்காது. படுக்கையறையைப் பற்றிய பாட்டு, நான்கு வார்த்தைகளை அணைத்த பிறகும் படுக்கையறையைப் பற்றிய பாட்டுதான். நான் செய்வது இதுதான்: வரிகளை எடுத்து, கெட்ட வார்த்தைகளை மனதுக்குள் அடித்துவிட்டு, மிச்சத்தைப் படிப்பேன். அதை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட முடியுமா? முடியாது என்றால் குழந்தைகள் இருக்கும் இடத்தில் எந்த வெர்ஷனும் வேண்டாம். டிஜேக்களுக்கென்றே பாட்டு தரும் சில ரெக்கார்ட் பூல் தளங்களில் 'சூப்பர் கிளீன்' என்ற பெயரில் போதை, துப்பாக்கி, உடலுறவு பற்றிய வரிகளையும் எடுத்த எடிட்கள் கிடைக்கும். பள்ளி நிகழ்ச்சிகள் அடிக்கடி செய்கிறவர்கள் அவற்றைத் தேடி வாங்குவது நல்லது. வேற்று மொழிப் பாட்டுகளுக்கும் இதே சோதனைதான். ஸ்பானிஷில் பாடுவது உங்களுக்குப் புரியவில்லை என்பதால் யாருக்கும் புரியாது என்று ஆகாது. போடுவதற்கு முன் வரிகளின் பொருளைத் தேடிப் பாருங்கள்.

கல்யாண நிகழ்ச்சிகள்தான் நடுவில் மாட்டிக்கொள்பவை. பாட்டியும் இருப்பார், பேரனும் இருப்பான், மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர்களும் இருப்பார்கள். "என்ன வேண்டுமானாலும் போடுங்கள்" என்று மணமக்கள் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் மனதில் இருப்பது பாட்டுகள், வரிகள் இல்லை. நான் கேட்கும் கேள்விகள் வேறு. குழந்தைகள் எத்தனை மணி வரை இருப்பார்கள்? ஆடும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? வீடியோவில் நேரடி ஒலி பதிவாகுமா? கெட்ட வார்த்தை உள்ள பாட்டை நண்பர்கள் வந்து கேட்டால் போடலாமா, யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு மெசேஜ் போதும். கல்யாணத்தில் கடைசி வரை கிளீனிலேயே இருப்பது என் வழக்கம். பெரியவர்கள் கிளம்பிய பிறகு மாற்றலாம் என்பார்கள், ஆனால் யார் கிளம்பினார்கள், யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மேடையில் இருந்து பார்த்தால் தெரியாது.

விளையாட்டு மைதானம், கடைத்தெரு நிகழ்ச்சி, ஜிம், திறந்தவெளி என்றால் பேச்சே இல்லை, கிளீன்.

சரி, எக்ஸ்ப்ளிசிட்டை வைத்துக்கொண்டே அந்த வார்த்தையை மட்டும் நேரலையில் மறைத்தால் என்ன? முடியும். செராட்டோ என்ற டிஜே மென்பொருளில் சென்சார் என்றே ஒரு வசதி இருக்கிறது. அழுத்தியிருக்கும் வரை பாட்டு தலைகீழாக ஓடும், கையை எடுத்ததும் இயல்பாக எங்கே வந்திருக்க வேண்டுமோ அங்கே வந்து சேரும். பயனியர் பிளேயர்களில் ஸ்லிப் ரிவர்ஸ் இதே வேலையைச் செய்கிறது. இப்போது செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், விர்ச்சுவல் டிஜே ஆகியவற்றில் பாட்டைக் குரல், டிரம் என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும் ஸ்டெம்ஸ் வந்துவிட்டதால், குரலை மட்டும் அணைத்துவிட்டு டிரம்மை ஓடவிடலாம். அது கிட்டத்தட்ட நல்ல கிளீன் எடிட் அளவுக்கே கேட்கும். ஈக்யூவில் மிட்டை (நடு அலைவரிசை ஒலியை) குறைத்து மறைக்கப் பார்ப்பதில் பயனில்லை, வார்த்தை மங்கலாகக் கேட்கத்தான் செய்யும்.

பாட்டு முழுக்க ஒரே ஒரு இடத்தில் வார்த்தை வருகிறது, அதற்கு இரண்டு பீட் முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு ஹாட் க்யூ (பாட்டில் ஓர் இடத்தைக் குறித்துவைக்கும் அடையாளம்) வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்த வழி அருமையானது. வெர்ஸ் முழுக்க வார்த்தைகள் என்றால் வேண்டாம். அந்த நேரத்தில்தான் யாராவது வந்து மைக் கேட்பார்கள், யாராவது விருப்பப் பாட்டு சொல்வார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் வார்த்தை ஸ்பீக்கரில் போய்விட்டிருக்கும். வெர்ஸை விட்டுவிட்டு இன்ஸ்ட்ருமென்டலில் தொடங்கி ஹூக்கை மட்டும் போட்டு வெளியேறுவது இதைவிடப் பாதுகாப்பு. கூட்டத்துக்கு வேண்டியதும் பெரும்பாலும் அந்த ஹூக்தான்.

இரண்டையும் வைத்துக்கொள்வது என்று முடிவானால், சிக்கலே வைத்துக்கொள்ளும் முறையில்தான். 'கிளீன்' என்ற சொல் பாட்டுப் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். பிளேயரின் திரையில் நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டுத் தெரியும்போது முதலில் காணாமல் போவது அந்தச் சொல்தான். இருட்டில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பெயரின் முன்னால் கொண்டுவந்து வையுங்கள், அல்லது எக்ஸ்ப்ளிசிட் எல்லாவற்றுக்கும் சிவப்பு நிறம் கொடுத்துவிடுங்கள். கமென்ட் பகுதியில் ஒரே மாதிரி எழுதி வைத்தால் ஸ்மார்ட் கிரேட் (செராட்டோவில் தானாக நிரம்பும் பாட்டுப் பட்டியல்) தானாகப் பிரித்துத் தந்துவிடும். பள்ளிக்கும் ஆபீசுக்கும் போகும்போது நான் இன்னும் ஒரு படி மேலே போய், கிளீன் பாட்டுகள் மட்டும் உள்ள தனி யூஎஸ்பியைத்தான் எடுத்துப் போவேன். தவறான ஃபைல் அதில் இல்லவே இல்லை என்றால் கை தவறிப் போக இடமே இல்லை.

அப்புறம், க்யூ பாயிண்ட்கள் ஒரு ஃபைலில் இருந்து மற்றதற்குத் தானாக வராது. இரண்டும் ஒரே நீளம்தானே என்று காப்பி செய்தால், தொடக்கத்தில் இருக்கும் வெற்று நேரம் இரண்டிலும் கொஞ்சம் மாறியிருக்கும், க்யூ எல்லாம் நகர்ந்துபோகும். பீட் கிரிட்டையும் (பீட் விழும் இடங்களின் கோடுகள்) ஒலி அளவையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

கிளீன் என்று பெயர் போட்ட ஃபைலை ஹெட்ஃபோனில் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை ஒரு முறையாவது கேளுங்கள். தப்பு பெரும்பாலும் முதல் வெர்ஸில் இருக்காது. முக்கியக் குரலில் எல்லாவற்றையும் கவனமாக எடுத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் இடது வலது பக்கங்களில் ஒலிக்கும் ஆட்லிப்களில் (இடையிடையே வீசும் குட்டிச் சொற்களில்), பாட்டு முடியும்போது மங்கிக்கொண்டே போகும் பேச்சில் ஒன்று ஒளிந்திருக்கும். லேப்டாப் ஸ்பீக்கரில் அது கேட்காது. அரங்கத்தில் தெளிவாகக் கேட்கும்.

இரண்டையும் வாங்கக் கையில் காசில்லை என்றால், தனியார் நிகழ்ச்சிகள் செய்கிறவர் முதலில் கிளீனை வாங்கட்டும், கிளப்பில் வாசிக்கிறவர் எக்ஸ்ப்ளிசிட்டை வாங்கட்டும். கிளப்பிலேயே கிளீன் வெர்ஷன் ஓடினால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். குடும்ப நிகழ்ச்சியில் எக்ஸ்ப்ளிசிட் ஓடினால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். கிளீனிலும் எட்டு அல்லது பதினாறு பார் டிரம் இன்ட்ரோ உள்ள எடிட் கிடைத்தால் அதையே எடுங்கள். ரேடியோ எடிட்டில் மிக்ஸ் செய்ய இடமிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வார்த்தை தப்பி வெளியே போகலாம். அப்போது பாட்டைப் படக்கென்று நிறுத்தாதீர்கள், மைக்கில் மன்னிப்பும் கேட்காதீர்கள். கவனிக்காதவர்களையும் கவனிக்க வைக்கும் வேலை அது. அடுத்த ஹூக் முடிவதற்குள் வேறு பாட்டைக் கொண்டுவந்து கலந்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்தவரிடம் நீங்களே போய் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த ஃபைலை அன்று ராத்திரியே கிளீன் கிரேட்டில் இருந்து எடுத்துவிடுங்கள்.